அலோயிஸின் கைகள்

அலோயிஸ் பெல்ஜியத்தில், எங்கள் ஃபிளாண்டர்ஸ் ஊரில் பீர் பீப்பாய் வண்டி ஓட்டியவர். வண்டிக்காரர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. புறாக்கார அலோயிஸ் என்றால் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் தெரியும். ஒரு புறாவைக் கையில் வாங்கிச் சிறகை விரித்தால் போதும், அது யார் வீட்டுக் கூடு, தாய் எது, தகப்பன் எது என்று சொல்லிவிடுவார். சொல்லாமல் அடக்கிக்கொள்ள மட்டும் அவருக்குத் தெரியாது. எழவு, எங்கள் ஊரில் எந்தப் புறாக்காரனுக்குத்தான் தெரியும்?

ஜெர்மன்காரன் ஊரைப் பிடித்ததும், புறா வேவுச்செய்தி கொண்டுபோகும் என்று எல்லாவற்றையும் கழுத்தைத் திருகிப் போடச் சொன்னான். அழுதுகொண்டே திருகினோம். பக்கத்துத் தெரு ரெமி மட்டும் ஓட்டுக்கடியில் சிலதை ஒளித்து வளர்த்தது யாருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நாங்கள் மதுக்கடையில் உட்கார்ந்திருந்தோம். ராணுவ போலீஸ் அதிகாரி ஒருவன் சிறகில் குண்டுபட்ட புறாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். காலில் செய்திக்குழல். யாருடையது என்று எங்கள் பாஷையிலேயே கேட்டான். எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

அவன் மிரட்டவில்லை. சிரித்தான். "சந்தையில விக்கிற கறிப்புறா. இதை வச்சுக்கிட்டா இவ்வளவு பீத்திக்கிறீங்க?"

அலோயிஸுக்குச் சுருக்கென்றது. புறாவை எடுத்து நெஞ்செலும்பைத் தடவினார். முகம் மலர்ந்துவிட்டது, பாவி மனுஷனுக்கு.

"கறிப்புறாவா? கண்ணைப் பாருங்க ஐயா. ரெமியோட நீலப் பெட்டை வம்சம் இது. அழிஞ்சு போச்சுன்னுல்ல நினைச்சேன்."

எங்களில் இரண்டு பேர் ஆமாம் என்று தலைகூட ஆட்டினார்கள். அதைப் பற்றி இன்றுவரை ஊரில் யாரும் பேசுவதில்லை. வெட்கக்கேடு.

ரெமியைப் படைக்கொட்டடிச் சுவரோரம் நிற்கவைத்துச் சுட்டார்கள். அலோயிஸ் அதற்குப் பிறகு மதுக்கடைக்கு வரவில்லை. கோயிலிலும் கடைசி வரிசைதான், கைகள் எப்போதும் சட்டைப்பைக்குள். எதிரில் வந்தால் நாங்கள் தெருவை மாற்றிக்கொண்டோம், ஏதோ எங்கள் கை சுத்தம் என்பதுபோல.

போர் முடிந்த வசந்தத்தில் ரெமியின் மனைவி லெயோனி அலோயிஸ் வாசலுக்கு வந்தாள். சமையலங்கி மடிப்புக்குள் ஒரு நீலக்குஞ்சு. போலீஸ் கண்ணில் படாமல் தப்பிய சோடி பொரித்தது. அவருடைய கைகளைச் சட்டைப்பையிலிருந்து வெளியே இழுத்து, அதில் குஞ்சை வைத்தாள்.

"இது யாரு வீட்டுப் புறா, சொல்லுங்கண்ணே."

அவருக்குத் தெரியும். விரல்கள் தாமாகவே சிறகை விரிக்கப் போயின; நிறுத்திக்கொண்டார்.

"தெரியலம்மா."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றாள் லெயோனி.