ஒவ்வொரு ‘ப்பா’வுக்கும் ஒரு கோடு

அந்தம்மா வாயில எந்த வார்த்தையும் தனியா வராது. "சொல்லுங்கப்பா", "இருங்கப்பா", "ஆயிடும்ப்பா". பின்னாலயே ஒரு ‘ப்பா’ ஒட்டிக்கிட்டு வரும். பெங்களூர் ஆஸ்டின் டவுன்காரங்க. ஹெப்பகோடி பக்கம் எங்க கால் சென்டர்ல மூணு வருஷம் தரை துடைச்சாங்க. தமிழ், கன்னடம், உருது மூணும் சரளமா வருதேன்னு போன் சீட்ல உட்கார வெச்சாங்க. ஆறு மாசம் ப்ரொபேஷன். தேறலேன்னா பழைய துடைப்பமும் கிடையாது, வீட்டுக்குத்தான்.

தேற வைக்கிறது என் கையில இருந்துச்சு. திருச்சியில இருந்து வந்த நான் அங்க குவாலிட்டி பார்க்கிறவன். பேசினதைக் கேட்டு மார்க் போடுவேன். பெரிய கொம்பன்னு நினைப்பு. உண்மையைச் சொல்லிடறேன், எனக்கு வயித்தெரிச்சல். கஸ்டமருங்க "அந்த ‘ப்பா’ அக்கா இருக்காங்களா?"ன்னு கேட்டு வாங்கிப் பேசுவாங்க. முன்னாடி நான் போன் சீட்ல இருந்தப்போ என்னை ஒருத்தனும் அப்படிக் கேட்டதில்ல. சும்மா விடுவேனா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருத்தர் பேசின ரெக்கார்டிங்கை டீம் மொத்தத்துக்கும் போட்டுக் காட்டறது எங்க வழக்கம். வாராவாரம் அவங்களோடதையே போட்டேன். ஒவ்வொரு ‘ப்பா’வுக்கும் போர்டுல ஒரு கோடு. கோடு விழுந்ததும் எல்லாரும் சேர்ந்து "ப்பா!"ன்னு கத்தணும். முதல் வாரம் அவங்களும் சிரிச்சாங்க. "என்னப்பா இது, அநியாயமா..."ன்னு ஆரம்பிச்சாங்க. அதுக்கும் ஒரு கோடு போட்டேன். நாலாவது வாரம் அவங்க சிரிக்கல.

அப்புறம் அதை விழுங்கப் பழகிக்கிட்டாங்க. "சொல்லுங்க." "இருங்க." "ஆயிடும்." ஒவ்வொண்ணுக்கும் பின்னால தொண்டை ஒரு நொடி தடுக்கி நிக்கும், ஹெட்செட்ல எனக்குக் கேட்கும். "அக்கா ஏன் எரிஞ்சு விழறாங்க?"ன்னு கஸ்டமருங்க புகார் பண்ணினாங்க. நான் மார்க் ஷீட்ல ‘பேச்சில் கனிவு இல்லை’ன்னு எழுதினேன். கை கூசல. அந்த வரிதான் அவங்க வேலையை முடிச்சுது.

அவங்க கிளம்பின நாளும் வெள்ளிக்கிழமைதான். டீம் மொத்தமும் போர்டு முன்னால கூடியிருந்துச்சு. கழுத்துல இருந்த ஐடி கார்டைக் கழட்டி என் மேசையில வெச்சாங்க.

"வர்றேன் சார்."

மூஞ்சியைப் பார்க்க முடியல எனக்கு. வாசல் பக்கம் நடந்தவங்க முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன், "பார்த்துப் போங்கப்பா." அட, எப்படி வந்துச்சுன்னே தெரியல.

பழக்கதோஷம். டீம் மொத்தமும் "ப்பா!"ன்னு கத்துச்சு.

அவங்க கதவுகிட்ட நின்னாங்க. தன் வாயில இருந்துதான் வந்துடுச்சுன்னு நினைச்சுட்டாங்க போல. திரும்பி, "ஸாரி சார்"னு சொல்லிட்டுப் போனாங்க.