சிரிப்பொலி போடாத இடம்

அண்ணாவைச் சிரிக்க வைக்கிற பொறுப்பை யாரும் என்னிடம் தரவில்லை. நானே எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். வன்னியில் சண்டை முடியும்வரை ஆஸ்பத்திரியில் ஆண் தாதியாக நின்றவர் அவர். கடல் கடந்து வெரிபீயில் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகியும் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது. நான்தான் எல்லாம் தெரிந்தவள் ஆயிற்றே, மருந்தும் நானே எழுதினேன்: கொரியப் போர்முகாம் டொக்டர்மாரைப் பற்றிய பழைய அமெரிக்கச் சிரிப்புத் தொடர். போர் ஆஸ்பத்திரியை மறக்க வேண்டிய மனிசனுக்குப் போர் ஆஸ்பத்திரியையே காட்டும் மூளை எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் உண்டு.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவரைக் கதிரையில் இருத்திவிடுவேன். தொடரை மட்டும் காட்டினால் போதுமா? போனில் தேடிப் பொறுக்கிய திரைமறைவுக் கதைகளையும் சேர்த்து ஊட்டினேன். திரையில் தெரிவது கொரியா இல்லை, கலிபோர்னியா மலை என்றேன். மூன்று வருஷச் சண்டையைத் தொடரில் பதினொரு வருஷம் இழுத்தார்கள் என்றேன்.

"எங்கட சண்டைய விடக் குறைவுதான்," என்றார் அண்ணா. சிரிக்கவில்லை.

பின்னால் கேட்கிற சிரிப்பு மெஷினில் சேர்த்தது, இந்த டிவிடியில் அதை நிறுத்தலாம் என்று பெருமையாக நிறுத்தியும் காட்டினேன். வீடு செத்தவீடு மாதிரி ஆகிவிட்டது.

நான் விடவில்லை. "ஒப்பரேஷன் நடக்கிற இடத்தில மட்டும் அந்தச் சிரிப்பைப் போடக்கூடாதெண்டு தொடரை எடுத்தவை பிடிவாதமா நிண்டவையாம், அண்ணா. அங்க ஆர் சிரிப்பினம்?"

"நாங்கள் சிரிச்சனாங்கள்."

நான் ரிமோட்டைக் கீழே வைத்தேன். எனக்கு அது பெரிய சாதனை.

"ஜெனரேற்றர் நிண்டா, பெரிய டொக்டர் அதைத் தன்ர மாமியார்ர பேர் சொல்லித் திட்டுவார். கை ரெண்டும் வேலையில இருக்கும். சிரிப்பை அடக்கேலாது. மாஸ்க் நனைஞ்சு போகும்."

சொல்லும்போதே அண்ணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னச் சிரிப்புத்தான். எனக்குக் கண் கலங்கியது.

"பிறகு?"

"பிறகென்ன? வெளியில வந்தாச் சிரிக்கேலாது. வாசல்ல காயப்பட்டவையின்ர சொந்தக்காரர் நிப்பினம்."

ரிமோட்டை எடுத்து, உலகமே விழுந்து விழுந்து சிரித்த காட்சிகளையெல்லாம் ஓட்டித் தள்ளினேன். அடுத்த ஒப்பரேஷன் தியேட்டர் காட்சி வந்ததும்தான் ஓட்டுவதை நிறுத்தினேன்.