சிவப்பு டேப்

மோட்டார் ஆய்வகத்துக்குப் பொறுப்பான அம்மாளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் சிவப்பு டேப். இருபத்திரண்டு வருட வேலையில் அவள் நம்பிய ஒரே ஜீவன், வோல்ட்டும் கரண்ட்டும் அளக்கும் தன்னுடைய மஞ்சள் மீட்டர்தான். பேட்டரி மேல் பன்னிரண்டு வோல்ட் என்று அச்சடித்திருந்தால், "அச்சடிச்சவன் அளந்து பார்த்தானா?" என்பாள். சந்தேகம் தட்டினால் பொருளின் தலையில் சிவப்பு டேப் ஒட்டிவிடுவாள். டேப் ஒட்டிய பொருளைத் தேர்வாளர் முன் வைக்கவே கூடாது. துறைத் தலைவரே வந்தாலும் பிரிக்க முடியாது. வீட்டில் பால் பாக்கெட்டைக்கூடத் தேதி பார்க்காமல் உள்ளே விடமாட்டாள் என்று அண்ணி சொல்வதில் பொய்யே இல்லை.

அன்று காலை பத்தரைக்கு அண்ணன் மகள் மோட்டார் பொருத்திய ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இறுதியாண்டு ப்ராஜெக்ட். பதினோரு மணிக்குத் தேர்வாளர் வருகிறார். தேறிவிட்டால் நாற்காலி நேராக வீட்டுக்கு, கால் அசையாத அப்பாவுக்குப் போகும். மோட்டாரின் வேகத்தை எந்த சர்க்யூட்டால் அடக்குவது என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"கரண்ட்டைக் குறைக்க ரெசிஸ்டர் ஏன் வைக்கல?"

"வச்சுப் பார்த்தேன் அத்தை. அடுப்பு மாதிரி கொதிக்குது. மெதுவா விட்டா இழுவையும் இல்ல, அப்பா உட்கார்ந்தா நின்னுடும். அதான் கரண்ட்டை விட்டு விட்டுக் கொடுக்கிற சர்க்யூட்."

"மோட்டார் விக்கல் எடுக்காதா?"

"செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை விட்டு விட்டுக் கொடுக்கிறோம். அதுக்கு எங்கே தெரியப்போகுது?"

பதில் சரிதான். சரியாக இருந்ததே அத்தைக்கு உறுத்தியது. நோட்டைப் புரட்டினாள். முழுப் பாரத்தில் கரண்ட் ஆறு ஆம்பியர் என்று அழகாக எழுதியிருந்தது. இவ்வளவு அழகாக யார் அளப்பார்கள்? எங்கேயோ பார்த்து எழுதியிருக்கிறாள்.

அத்தை பேட்டரியில் மீட்டர் முனைகளை வைத்தாள். சட்டென்று ஒரு பொறி. திரையில் பூஜ்யம்.

"பேட்டரியே செத்துப் போச்சு."

"இப்பதானே சார்ஜ் பண்ணி எடுத்துட்டு வந்தேன்!"

அத்தை மீட்டரை மோட்டார் வயரின் நடுவே கோத்து ஸ்விட்சைப் போட்டாள். சக்கரம் அசையவில்லை. இவளுமா பொய்க் கணக்கு எழுதுகிறாள்? சொந்த அப்பா விஷயத்திலுமா? டேப்பைக் கிழித்து சர்க்யூட் மேல் ஒட்டினாள்.

"ஆறு ஆம்பியராம். யார்கிட்ட கதை விடுறே?"

பெண்ணின் கண் கலங்கிவிட்டது. மீட்டரைக் கழற்றி, வயரை நேராக இணைத்து ஸ்விட்சைப் போட்டாள். குமிழைத் திருகத் திருக, சக்கரம் மெல்ல ஆரம்பித்துச் சீராக வேகம் பிடித்தது.

அத்தை மீட்டரைத் திருப்பினாள். சிவப்பு வயர் ஆம்பியர் துளையில் இருந்தது. நேற்று யாருக்கோ கரண்ட் பார்த்தபோது செருகியதை மாற்றாமலே, அதை வைத்துப் பேட்டரியில் வோல்ட் பார்த்திருக்கிறாள். அந்தப் பொறியிலேயே மீட்டருக்குள் இருந்த ஃபியூஸ் போய்விட்டது. அப்புறம் வயர் நடுவே கோத்தபோது அதன் வழியாகக் கரண்ட்டே போகவில்லை. முதல் வருடப் பிள்ளைகள் இதைச் செய்தால் அரை மணி நேரம் திட்டுவாள்.

மணி பத்து ஐம்பத்தைந்து. சர்க்யூட்டிலிருந்து டேப்பைப் பிரித்தாள். மீட்டரில் ஒட்டப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். பாவம், அது என்ன செய்யும்? கழுத்தில் தொங்கிய தன் அடையாள அட்டை மேல், படத்திலிருந்த முகம் மறைய ஒட்டினாள்.

"அத்தை, அது உங்க கார்டு."

"தெரியும்டி. நீ போ, நேரமாச்சு."