கேள்விக்குறிக்கு அப்புறம் எழுதுகிறவள்

பந்தியில் ஆள் வந்து உட்காரும் முன்னே இலை போட்டு, பருப்பும் பப்படமும் விளம்பி வைப்பதுதான் என் தொழில். உட்கார்ந்தவருக்குப் பருப்பு பிடிக்காது என்பது எப்போதும் பிறகுதான் தெரியவரும்.

விளங்கச் சொல்கிறேன். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் வருகிற கேரளத்துப் பாறசாலையில் ஒரு பேக்கரிக்கு மேலே எங்கள் ஆபீஸ். பிஜு அண்ணன் முதலாளி, நான் வேலைக்காரி, மூன்றாவது ஆள் கிடையாது. 'விடிஞ்சாச்சு' என்று ஓர் ஆப் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றவர்கள் இங்கே தனியாக. காலையில் பெற்றவரின் போன் மணியடித்து "விடிஞ்சாச்சா?" என்று கேட்கும். அவர் பச்சைப் பொத்தானை அமுக்கினால் பிள்ளைக்குச் செய்தி போய்விடும். அமுக்காவிட்டால் கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் போன் அலறும். அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் அதற்கு முன்னால் பதிவுப் பக்கம் என்று ஒன்று இருக்கிறதே! பெயர், ஊர், மொழி, எத்தனை மணிக்கு மணியடிக்க வேண்டும், யாருக்குச் செய்தி போக வேண்டும், அவர் என்ன உறவு. நீங்களும் இந்தக் கட்டங்களில் மாட்டிக்கொண்டு பட்டிருப்பீர்கள். வயதானவர் என்ன செய்வார்? போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாட்டுக்குப் புல்லறுக்கப் போய்விடுவார். அதனால் எல்லாவற்றையும் லிங்கிலேயே நான் நிரப்பி அனுப்புவேன். லிங்கின் நடுவில் ஒரு கேள்விக்குறி வருமே, அதுவரை எல்லோருக்கும் ஒரே லிங்க். அதற்கு அப்புறம் சமக்குறி போட்டுப் போட்டு எழுதுவது என் கைவேலை. பெயர் சமம் இன்னார், மொழி சமம் தமிழ், நேரம் சமம் ஆறரை. லிங்கைத் தொட்டால் எல்லாக் கட்டமும் நிரம்பிய பக்கம் திறக்கும். பெற்றவர் 'சம்மதம்' என்கிற ஒரு பொத்தானை அமுக்கினால் போதும்.

எழுத எழுத அந்த வீடு எனக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். ஆறரை என்று அடித்தவுடன் ஈர முற்றம், அடுப்பில் பாலில்லாத கட்டன்சாயா, ரப்பர் மரங்களுக்கு நடுவே மெல்ல இறங்குகிற வெயில் எல்லாம் வரும். ஜன்னலைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிடுவேன். "எடீ, லிங்கு போச்சா?" என்று பிஜு அண்ணன் கத்தினால்தான் திரும்பி வருவேன்.

திறந்து பார்க்கிறவர்

ஷீபா அயர்லாந்தில் நர்ஸ். எதையும் குரல்செய்தியாகத்தான் அனுப்புவாள், பின்னால் எப்போதும் மழை கேட்கும். அவள் அப்பா சத்தியநேசன் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், அமரவிளையில் தனியாக இருக்கிறார். அம்மா காலமாகிவிட்டாள். ஷீபா தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. அன்றோடு பேச்சும் நின்றுபோயிற்று. சமீபத்தில் ஒரு நாள் காலையில் அவர் கிணற்றடியில் மயங்கி விழுந்து, உச்சிவேளைக்கு மீன்காரி வந்து பார்க்கும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார். "அவரு எங்கிட்ட பேசாண்டாம் அக்கா. காலத்த எழும்பினாரா இல்லியாண்ணு தெரிஞ்சா போரும் எனக்கு" என்றாள். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

எல்லாம் நிரப்பி லிங்க் அனுப்பினேன். செய்தி போக வேண்டியது ஷீபாவுக்கு, உறவு சமம் மகள். யார் லிங்கைத் திறந்தார்கள், யார் பதிவு செய்தார்கள் என்று எங்கள் திரையில் தெரியும். சத்தியநேசன் திறந்தார், பதிவு செய்யவில்லை. மறுநாளும் திறந்தார், அதற்கு மறுநாளும். தினமும் அதைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் என்னதான் பார்க்கிறார் என்று யோசித்து யோசித்து என் சாயா ஆறிப்போகும். கடைசியில் பொறுக்க முடியாமல் போனில் கூப்பிட்டு, லிங்கில் ஏதாவது கோளாறா மாமா என்று கேட்டேன்.

"லிங்கு கொள்ளாம் பிள்ளே, நல்லா வேலை செய்யுது. நான்தான் செய்யல்ல."

ஒரு அம்மைக்கு எத்தனை விடியல்

காரக்கோணம் லீலாபாய் மாமி நேர் எதிர். லிங்க் போன கையோடு பதிவு முடிந்தது. மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கு மறுநாளே செய்தி போயிற்று. ஆஹா, இப்படி நாலு பேர் இருந்தால் தொழில் செழிக்குமே என்று நான் மிதந்துகொண்டிருந்தேன். மாமியோ, நல்லதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது என்கிற சுபாவம். சபையின் பெண்கள் சங்கத்து வாட்ஸாப் குரூப்பில் காலை வசனத்துக்குக் கீழே என் லிங்கையும் சேர்த்து அனுப்பிவிட்டாள். "ஸ்தோத்திரம், எல்லாரும் பொத்தான அமர்த்துங்க" என்று ஒரு குறிப்பு வேறு!

எல்லாரும் அமர்த்தினார்கள். லிங்கில் இருப்பது லீலாபாயின் பெயரும் அவள் மகனின் நம்பரும் அல்லவா? சங்கம் முழுக்க லீலாபாய் ஆகிவிட்டது. மறுநாள் ஆறரைக்கு மஸ்கட்டில் அந்தப் பையனுக்கு அம்மா எழுந்தாள், அம்மா எழுந்தாள் என்று வந்துகொண்டே இருக்கிறது. சில லீலாபாய்கள் தூங்கிவிட்டார்கள் போல, அம்மா எழவில்லை என்று அபாயமணி வேறு. பாவம், நடுநடுங்கி எனக்குப் போன் செய்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, எனக்க அம்மை ஒருத்தி போரும். அந்த ஒருத்தியச் சமாளிக்கவே எனக்கு ஒக்கல்ல."

எழுத்து ஒரு வழி, பேச்சு ஒரு வழி

பாறசாலையிலேயே உள்ளே தள்ளி இருப்பவர் திவாகரன் அண்ணன். போனில் அவர் பேசிய தமிழ் தேனாக இருந்தது. எனவே மொழி சமம் தமிழ் என்று எழுதினேன். இந்த ஊர்க்காரி நான், எனக்கே தோன்றவில்லை பாருங்கள். அவர் படித்தது முழுக்க மலையாளப் பள்ளிக்கூடம். பக்கம் திறந்ததும் வாசிக்கத் தெரியாத எழுத்தைப் பார்த்து, யாரோ பேங்க் கணக்கைப் பிடுங்க வருகிறார்கள் என்று போனை அணைத்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டார்.

சரி என்று மலையாளமாக மாற்றினேன். இப்போது எழுத்து வாசித்தார். ஆனால் காலையில் போன் மலையாளத்தில் வாய் திறந்ததும், "வெளுப்பாங்காலத்த வீட்டுக்குள்ள எந்த ஆபீசர் வந்து நிக்குதாரு?" என்று மனைவி பயந்து எழுந்துவிட்டாளாம். அந்த வீட்டில் மலையாளம் தாலுகா ஆபீசுக்கும் பத்திரிகைக்கும் உள்ள மொழி, தூக்கக் கலக்கத்தில் கேட்கிற மொழி இல்லை. எழுத்துக்கு ஒரு மொழி, குரலுக்கு ஒரு மொழி என்று கேள்விக்குறிக்கு அப்புறம் இரண்டாகப் பிரித்து எழுதினேன். இதற்கு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன் என்று சொன்னதற்கு அவர் சிரிக்கக்கூட இல்லை.

"வாசிக்கியது மலையாளம், கேக்கியது தமிழ். நாங்க ஜனிச்சப்பம் முதல் இப்பிடித்தான், இதில என்ன இத்தற கஷ்டம்?"

அமரவிளைக்கு ஒரு பஸ்

சத்தியநேசன் அப்போதும் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஷீபா தினமும் கேட்பாள், நான் தினமும் இல்லை என்பேன். சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. பஸ் ஏறிவிட்டேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினால், அந்தக் கிணற்றடியில் யாரோ விழுந்து கிடக்கிற மாதிரியே இருந்தது. கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டேன்.

நல்ல மனுஷன். கட்டன்சாயா போட்டுக் கொடுத்து, பழைய ரூட் கதைகள் நாலு சொன்னார். பிறகு போனை என் முன்னால் நீட்டி, "இதில உறவு மகள்ணு கெடக்குதே, இது அவ சொன்னதா?" என்று கேட்டார். எனக்குப் பொய் வராது. ஷீபா பெயரும் நம்பரும்தான் கொடுத்தாள், அப்பாவுக்கு என்று சொன்னதால் மகள் என்று நானாக நிரப்பினேன் என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"அப்பம் இது ஒனக்க வாக்காக்கும். ஒனக்க வாக்குக்கு நான் எதுக்குப் பிள்ளே பொத்தான் அமர்த்தணும்?"

திரும்பி வந்து ஷீபாவிடம் சொன்னேன். ஒரு வார்த்தை நீயாகச் சொல்லேன் என்று கெஞ்சினேன். கல்யாணத்துக்கு வராதது அவர்தானே, முதலில் அவர் சொல்லட்டும் என்றாள். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா! இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கட்டம், அதில் நான் முந்திரிக்கொட்டை மாதிரி எழுதிவைத்த ஒரு சொல்.

பூவாறில் மணி பார்க்கிறதில்லை

ஃபிலோமினா அக்காவுக்கு வேண்டியது வேறு. பிள்ளைகளுக்கு இல்லை, தனக்கு. கணவர் கடலுக்குப் போகிறவர். அவர் கரைக்கு வந்து பொத்தானை அமுக்க வேண்டும், இவளுக்கு வீட்டில் செய்தி வர வேண்டும். எத்தனை மணிக்கு மணியடிக்கட்டும் என்று கேட்கப் பூவாறுக்கே போயிருந்தேன். ஆறு கடலோடு சேருகிற இடத்தில் மணல்திட்டு ஒன்று நீண்டு கிடந்தது. இந்தப் பக்கம் ஆற்றுத் தண்ணீர் அசையாமல் நிற்கிறது, அந்தப் பக்கம் கடல் குமுறுகிறது. எது எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றதில் வந்த காரியம் மறந்துபோயிற்று. அக்காதான் தோளைத் தட்டினாள்.

ஏதாவது ஒரு நேரம் சொல்லுங்கள் அக்கா, கட்டத்தைக் காலியாக விட முடியாது என்றேன். விடலாம்தான். சமம் போட்டு அதற்கு அப்புறம் ஒன்றும் எழுதாவிட்டால், ஆப் அந்தக் கட்டத்தில் நின்று, லிங்கைத் திறந்தவரையே கேட்கும். காலி கட்டத்தைக் கண்டால் ஆள் ஓடிவிடும், ஒன்றையும் காலியாக விடாதே என்பது பிஜு அண்ணனின் சட்டம். அக்கா, கணவர் போன கடலைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"நேரம் நீ எழுதாண்டாம் மோளே. அங்ஙேரு கரையில கால் வைக்கியதாக்கும் நேரம்."

காலி கட்டம்

பூவாறிலிருந்து வருகிற வழியெல்லாம் அந்தப் பேச்சுதான் மனசில் ஓடியது. ஆபீசுக்கு வந்ததும் சத்தியநேசன் லிங்கைப் புதிதாக எழுதினேன். பெயர், மொழி, நேரம், ஷீபாவின் நம்பர் எல்லாம் உண்டு. உறவு சமம், அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை. பிஜு அண்ணனிடம் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். அவர் திறந்தார். மறுநாளும் திறந்தார். பதிவு இல்லை. ஓடிவிடுவாரோ என்று எனக்குள் பதற ஆரம்பித்தது. பிறகு ஒரு நாள் காலையில் அவர் லிங்கைத் திறக்கவே இல்லை.

போன் செய்தேன், எடுக்கவில்லை. கீழே பேக்கரியில் பன் வேகிற மணம் வந்தது. எனக்கு எப்போதும் பிடிக்கிற மணம், அன்று ஜன்னலை இழுத்துச் சாத்தினேன். "அக்கா, இண்ணைக்குத் திறந்தாரா?" என்று ஷீபாவின் குரல்செய்தி. கர்த்தரே, கிணற்றடி வேண்டாம், கிணற்றடி மட்டும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பையைத் தூக்கிப் படியிறங்கினேன். பாதிப் படியில் போன் சிணுங்கியது. பதிவு முடிந்தது, சத்தியநேசன், அமரவிளை. படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அடுத்த நிமிஷம் அவரே கூப்பிட்டார். நெய்யாற்றின்கரைக்குக் கண்ணாடி வாங்கப் போனாராம், போன் வீட்டில் கிடந்ததாம். மற்றவர்கள் நிரப்பியதை மங்கலாகப் பார்த்தாலும் போதும், தானாக எழுத வேண்டுமென்றால் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டாமா என்றார்.

திரையில் பார்த்தேன். உறவு என்ற கட்டத்தில் 'பிணக்கம்' என்று எழுதியிருந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல். பிஜு அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். "இதெல்லாம் ஒரு உறவா? மகள்ணு மாத்து" என்றார். ஷீபாவைக் கேட்காமல் மாற்ற மாட்டேன் என்று நான் சண்டை போட்டேன். மறுநாள் ஆறரைக்குச் சத்தியநேசன் பச்சைப் பொத்தானை அமுக்கினார். அப்பா எழுந்துவிட்டார், உறவு பிணக்கம் என்று அயர்லாந்துக்குச் செய்தி போயிற்று. உறவை மகள் என்று மாற்றட்டுமா என்று நானும் ஒரு வரி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஷீபாவின் குரல்செய்தி வந்தது. முதலில் வெறும் மழை. பிறகு அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் பேச்சு.

"மாத்தாண்டாம் அக்கா. வெறுத்தவங்ககிட்ட யாராவது பிணங்குவாங்களா? நான் அப்பாவ போன்ல விளிச்சிட்டு வாறேன்."

கட்டங்களை நிரப்பியதற்கெல்லாம் ஒருவரும் எனக்கு நன்றி சொன்னதில்லை; நிரப்பாமல் விட்ட ஒன்றுக்குத்தான் பிஜு அண்ணனிடம் ஒரு வாரத் திட்டும், அயர்லாந்திலிருந்து ஒரு டப்பா சாக்லேட்டும் கிடைத்தன.