தாயத்துக்குப் போட்ட புளியங்கொட்டை

அத்தை வீட்டை விட்டுப் போன வருஷம், எங்கள் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் அவளைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொன்ன சட்டமில்லை. சாப்பிடும்போது அவள் பேச்சை எடுத்தால் அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார், அவ்வளவுதான். சோறு வீணாவது அம்மாவுக்குப் பொறுக்காது. அதனால் பேச்சு நின்றுபோனது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் போன பிறகு அப்பா தூக்கி வளர்த்தவள். எனக்குத் தலை பின்னியது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது, மத்தியானங்களில் என்னோடு தாயம் ஆடித் தோற்றது எல்லாம் அவள்தான். ஆவடியிலேயே வேறொரு ஃபேக்டரியில் வேலை பார்த்த ஒருவரை, வேறு சாதிக்காரரை, தானாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். நெமிலிச்சேரிப் பக்கம் குடியிருக்கிறாள் என்று அம்மாவுக்குக் குழாயடியில் தகவல் வந்தது. சைக்கிள் மிதித்தால் போய்விடுகிற தூரம்தான். அப்பாவின் சைக்கிள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் விட்டுப்போனதில் எனக்கு மிஞ்சியது ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை. கோடை விடுமுறையில் அதை வைத்துக்கொண்டு தனியாக ஆடினேன். வலது கையால் உருட்டினால் என் ஆட்டம், இடது கையால் உருட்டினால் அத்தை ஆட்டம். எத்தனை நாள்தான் இடது கையை அத்தை என்று நினைத்துக்கொண்டிருக்க முடியும்? ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டே விட்டேன்.

"அத்தைய கூட்டினு வாப்பா."

அம்மா அடுப்படியில் கரண்டியோடு நின்றுவிட்டாள். அப்பா என்னைத் திட்டவில்லை. தரையில் கிடந்த கட்டைகளைப் பார்த்தார்.

"கூட்டினு வர்றேன். ஆனா ஒண்ணு. டப்பா நெறைய புளியங்கொட்ட எடுத்துக்கோ. கட்டைய உருட்டி, இன்னா வுழுதோ அதுக்கு நேரா ஒரு கொட்ட வெய்யி. டப்பா காலியாவசொல்லோ தாயத்தோட வரிச மூணோட வரிசைய தாண்டிகினு இருந்தா, அன்னிக்கே போறேன்."

"நல்லா கீது நாயம்! அத்தைக்கு மீசை மொளைச்சா சித்தப்பான்ற கதை" என்றாள் அம்மா. மீசை வைத்த அத்தையை நினைத்து நான் சிரித்தேன். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

தாயக்கட்டைக்கு நான்கு முகம். ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒரு புள்ளி, இரண்டு, மூன்று. இரண்டு கட்டையும் சேர்ந்து ஒன்று காட்டினால் தாயம். தாயம் விழாமல் காயைக் கட்டத்துக்குள் இறக்க முடியாது. வேண்டும் என்கிறபோது அது விழாது என்பது ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும்தான் தெரியும். ஆனால் அத்தைக்காக விழாமலா போய்விடும் என்று நம்பினேன்.

பின்கட்டில் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஏழு கட்டம் போட்டேன். இடது கோடியில் இரண்டும் வெறுமையாக விழுவது, அதற்கடுத்துத் தாயம், அப்படியே ஆறு வரைக்கும். முதல் நாள் காலையில் தாயம் தாயமாக விழுந்தது. மூன்றைத் தாண்டிவிட்டது! அப்போதே ஆட்டத்தை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டேன். ஃபேக்டரி சங்கு ஊதி, சைக்கிள் கூட்டத்தில் அப்பா வந்ததும் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன்.

"ஒரு புடி கொட்டையில இன்னா தெரியும்? டப்பா காலியாவட்டும்" என்றார்.

டப்பா குறையக் குறைய என் தாயம் பின்தங்கியது. நடுவிலிருந்த மூன்று மேலே மேலே போனது. இரண்டும் நான்கும் அதற்குத் தோள்கொடுப்பது போல இரு பக்கமும் நின்றன. ஓரத்துக் கட்டங்களில் ஏதோ பிச்சை போட்டது போலக் கொஞ்சம் கொட்டைகள். மொத்தத்தில் ஒரு குன்று. நான் கிழக்கே பார்த்து உருட்டினேன், கண்ணை மூடிக்கொண்டு உருட்டினேன், கட்டையைச் சாமி படத்தடியில் வைத்து எடுத்து உருட்டினேன். ஒரு நாள் முழுக்க அத்தையின் இடது கையால் மட்டும் உருட்டினேன். குன்று அப்படியேதான் இருந்தது. மூன்றின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

அப்பாவுக்கு இது ஆச்சரியமே இல்லை. அவருக்கு ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லேத்தில் கடைந்து வருகிற இரும்புப் பின்களை அளந்து பார்த்து, மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் ஒதுக்கித் தள்ளுவார். "நூறு பின்னு வந்தாலும் அப்டித்தாம்மா. நடுவாந்தரத்துலதான் கூட்டம். ஓரத்துல ஒண்ணு ரெண்டுதான் நிக்கும்" என்றார். இரண்டு கட்டையிலும் சேர்ந்து மூன்று வருவதற்கு வழி அதிகம், தாயத்துக்கு வழி குறைவு என்பதெல்லாம் நான் கல்லூரியில் படித்தபோது தெரிந்துகொண்டது. அப்பா அதை எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. தெரிந்துதான் பந்தயம் வைத்திருந்தார்.

டப்பா காலியான சாயங்காலம், தாயத்தின் வரிசை மூன்றில் பாதிக்குத்தான் வந்திருந்தது. நான் ஓவென்று அழுதேன். சாப்பிடாமலே படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்து போய்ப் பார்த்தால், தாயம் மூன்றைத் தாண்டிக்கொண்டு நின்றது.

கொட்டை எங்கிருந்து வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அழுததற்குச் சாமி இரங்கிவிட்டார் என்று குதித்தேன். முறத்தில் எடுத்துவைத்த புளியங்கொட்டை குறைந்திருக்கிறதே என்று அம்மா முனகினாள். "எலியா இருக்கும்" என்றார் அப்பா. எலி புளியங்கொட்டை தின்னுமா என்று கேட்க வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மயிரிழைக்கு மன்னிக்காத மனுஷர் அந்த வரிசையை அளந்துகூடப் பார்க்கவில்லை. "தாண்டிகினு கீது. சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்று சைக்கிளை எடுத்தார். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. அம்மா பாயசத்துக்குச் சேமியா வறுத்தாள். நான் ரெட்டைச் சடை பின்னாமல் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். அத்தை வந்துதான் பின்ன வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அப்பா தனியாக வந்தார்.

வீடு பூட்டியிருந்ததாம். அத்தையின் வீட்டுக்காரருக்கு வடக்கே எங்கேயோ வேலை மாறி, போன வாரமே சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம். எந்த ஊர் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் சரியாகத் தெரியவில்லை. "போறதுக்கு முன்னாடி தங்கச்சி நம்ம தெரு முனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போச்சாம்" என்று அம்மாவிடம் சொன்னார் அப்பா.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அத்தை வரவில்லை, ஆகவே மறுபடி ஆட வேண்டும். எல்லாக் கொட்டையையும் வழித்து டப்பாவில் போட்டேன்.

"மொதல்லேர்ந்து போடலாமாப்பா?"

அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னெதிரே தரையில் உட்கார்ந்தார். கட்டைகளை உள்ளங்கையில் தேய்த்து உருட்டினார். மூன்று விழுந்தது. நான் டப்பாவை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. காக்கிச் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு புளியங்கொட்டையை எடுத்து, தாயத்துக்கு நேரே வைத்தார்.

"அப்பா, வுழுந்தது மூணு."

"தெரியும்மா."

கையை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே பயம். கணக்கில் தப்பு நடந்தால் அத்தை எப்படி வருவாள்? அவர் விரலை மெல்ல விலக்கி, அந்தக் கொட்டையை எடுத்து மூன்றில் வைத்தேன்.