பிஸ்டனில் சுற்றிய கயிறு

பல்லக்காவுக்கு இடைவெளி என்றாலே ஆகாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பல் செட்டுச் செய்கிற கூடத்தில் வேலை, அந்தப் பெயரே அதனால் ஒட்டிக்கொண்டதுதான். ஈறுக்கும் செட்டுக்கும் நடுவில் மயிரிழை இடம் விட்டால்கூட மாட்டிக்கொண்டவர் வாயில் புண் வந்துவிடும். அவர் டாக்டரைத் திட்டுவார், டாக்டர் கூடத்தைத் திட்டுவார், எல்லாம் சுற்றிக் கடைசியில் இவள் தலையில் விடியும். அதனால் இவள் கையால் செய்த செட்டு வாயில் போட்டால் போட்டதுதான், தும்மினாலும் அசையாது.

அப்படிப்பட்டவள்தான் நீராவி எஞ்சின் ஒன்றை வாங்கினாள். அதைப் பொம்மை என்று அவள் காதுபட யாரும் சொல்லிவிட முடியாது. சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொள்ளும் நீளம். நிஜக் கொதிகலன், நிஜக் கரி, பின்னால் ஒரு ஆளை உட்காரவைத்து இழுக்கும் தெம்பு. ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் அதை உதிரி உதிரியாக வாங்கி, முக்கால்வாசி பூட்டி, ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காமல் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. "என்கிட்ட இருந்தா துருதாம்மா பிடிக்கும்," என்று சொல்லி எடுத்துக் கொடுத்துவிட்டார்.

துரு ஏற்கெனவே பிடித்துத்தான் இருந்தது. பல்லக்கா வேலை முடிந்து வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். பல் இடுக்கைச் சுரண்டுகிற கொக்கியால் சக்கரத்து ஆரைகளைச் சுரண்டினாள். செட்டுக்குப் பளபளப்பு ஏற்றுகிற பசையைப் போட்டுப் புகைபோக்கியைத் தேய்த்தாள். புருஷன் பஸ் ஓட்டுகிறவர். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிக்கொண்டு, "இதுல பாதி கவனிப்பு எனக்குக் கிடைச்சிருந்தா நானும் பளபளன்னு இருந்திருப்பேன்," என்று மட்டும் அவ்வப்போது சொல்லிவைப்பார்.

சிலிண்டரைத் திறந்த அன்றுதான் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உள்ளே முன்னும் பின்னும் போய்வந்து எஞ்சினை நகர்த்த வேண்டிய பிஸ்டன், குழலை விடக் கொஞ்சம் ஒல்லியாக இருந்தது. அந்த இடைவெளியை நிரப்ப, கறுப்பாகப் பிசுபிசுத்த கயிறு ஒன்றை அதன் இடுப்பில் சுற்றி வைத்திருந்தார்கள்.

"அளவு தப்பிப் போயிருக்குங்க. அதை மறைக்கக் கயிறு சுத்தியிருக்காரு அந்த மனுஷன். லூசான செட்டுக்கு அடியில பஞ்சு வெச்சுக்கிட்டு வருவாங்களே, அதே கதை."

இதைப் புருஷனிடம் சொன்னதோடு விட்டிருக்கலாம். எஞ்சின் சங்கத்திலும் போய்ச் சொன்னாள். பூங்காவின் கோடியில் தண்டவாளம் போட்டு வைத்திருக்கிற அந்த ஆட்கள், சிலிண்டரைக் கண்ணால் பார்க்காமலே, வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கயிறு குப்பைக்குப் போனது. கூடத்தில் பல்லுக்கு வார்க்கிற மாதிரியே மெழுகில் அச்செடுத்து, உலோகத்தை உருக்கி ஊற்றிப் புதுப் பிஸ்டன் செய்தாள். குழலுக்குள் விட்டால் காற்றுகூட வெளியே வராது. கூடத்துக் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தியபோது சக்கரங்கள் வெண்ணெயாகச் சுழன்றன. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் தன்னைப் பூட்டியவரை ஏற்றிக்கொண்டு, சொந்த நீராவியில், வேறு கை படாமல் முழுச் சுற்று வந்தால்தான் அதன் பக்கவாட்டில் பித்தளைத் தகடு ஏறும். தகட்டில் செய்தவர் பெயர் இருக்கும். அதைச் செய்தவரே திருகிப் பூட்ட வேண்டும். பல்லக்காவுக்கு அந்தத் தகட்டின் மேல்தான் உயிர். ஆயிரம் வாய்க்குச் செட்டுச் செய்திருக்கிறாள், ஒன்றிலாவது அவள் பெயர் உண்டா? ஓட்டத்துக்கு முன்பே தகட்டை வார்த்துக் கைப்பைக்குள் தயாராக வைத்துக்கொண்டாள்.

எஞ்சின் கிளம்பியது. வளைவு வரைக்கும் ராஜ நடைதான். வளைவில் முனகியது, இழுத்தது, நின்றேவிட்டது. ஆவி உஸ்ஸென்று மேலே போக, சக்கரம் அசையவில்லை. ஒருவர் தள்ளிவிட ஓடிவந்தார். சங்கத்தை நடத்துகிற பூட்டுக்கடைக்காரர் தலையாட்டி அவரை நிறுத்தினார். பல்லக்கா முகத்தில் ஈயாடவில்லை.

நெருப்பை இறக்கிவிட்டுப் பக்கத்துப் புல்லில் உட்கார்ந்தாள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு சும்மா விரலால் தொட்டாள், சக்கரம் சமர்த்தாகச் சுழன்றது. சூட்டில் இறுகுகிறது, ஆறினால் இளகுகிறது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். உலோகம் சூட்டில் விரியும் என்பது அவளுக்குத் தெரியாததா? ஆறும்போது சுருங்குமே என்று தினமும் கணக்குப் பார்த்துத்தான் அச்சையே செய்கிறாள். ஆனால் வாய்க்குள் கொதிக்கிற ஆவி இல்லை. அங்கே இருக்கக் கூடாத இடைவெளி இங்கே இருந்தே ஆக வேண்டும். அந்த ஒல்லிப் பிஸ்டன் தெரிந்தே செய்தது. ஆவி கசியாமல் அடைத்துக்கொண்டு, பிஸ்டன் குழலை விடக் கூடுதலாக விரியும்போது நசுங்கிக் கொடுக்கத்தான் அந்தக் கயிறு.

மறுநாள் மெக்கானிக் வீட்டுக்குப் போனாள்.

"உங்க பிஸ்டன்தான் சரிங்க. நான் மாத்தினதுதான் தப்பு. போதாக்குறைக்கு உங்களைப் பத்திக் கண்டபடி பேசி வெச்சிருக்கேன்."

"பஞ்சு வெச்ச செட்டு," என்றார் அவர். "சங்கத்துல இருக்குற என் மச்சினன் வந்து சொன்னான். நானே சிரிச்சுட்டேன்." மேசை இழுப்பறையிலிருந்து மீதிக் கயிற்றுச் சுருளை எடுத்து நீட்டினார். அது அவர் கையில் ஆடிக்கொண்டே இருந்தது. "ஆனா அது சரியா வரும்னு எனக்கே நிச்சயமில்லம்மா. ஓட்டிப் பாத்திருந்தால்ல தெரியும்."

அவள் சுருளை வாங்கிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை பூங்காவுக்கு வாங்க," என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பெஞ்சில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழைய பிஸ்டனும் அவர் கொடுத்த கயிறும் உள்ளே இருக்க, எஞ்சின் கிளம்பியது. வளைவில் முனகவில்லை. ஏற்றத்தில் புஸ்புஸ்ஸென்று ஏறி, பல்லக்காவைச் சுமந்துகொண்டு முழுச் சுற்றும் வந்து பெஞ்சுக்கு எதிரே நின்றது. அவள் முகம் பூராவும் கரி. இறங்கும்போது அவளுக்கு இருந்த பெருமைக்குப் பூங்கா பத்தவில்லை. அவருக்கும் அப்படித்தான், எழுந்து நின்றுவிட்டார்.

பூட்டுக்கடைக்காரர் திருப்புளியை அவளிடம் நீட்டினார். அவள் அதையும் கைப்பையிலிருந்த தகட்டையும் மெக்கானிக்கிடம் கொடுத்தாள். பழைய தகட்டை உருக்கி மறுபடி வார்த்தது அது. மேலே அவர் பெயர், கீழே அவள் பெயர்.

அவர் இரண்டு பெயரையும் வாய்விட்டுப் படித்தார். பிறகு குனிந்து திருகாணியை வைத்தார். நழுவி விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. யாரோ உதவிக்கு வந்தார்கள்.

"யாரும் கை வைக்காதீங்க," என்றாள் பல்லக்கா. "வழக்கம்னா வழக்கம்தான்."

எல்லாரும் காத்திருந்தார்கள். ஒருவழியாகத் திருகாணி மரையில் பிடித்தது. அவர் மெல்ல மெல்லத் திருகி, கட்டைவிரலால் தகட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"இந்த இறுக்கம் போதுமாம்மா?"

"இன்னும் இறுக்குங்க. இதுக்கு மட்டும் இடைவெளியே வேண்டாம்."