ஞாயிறு பத்து மணித் தண்ணீர்

எங்கள் வீட்டுக்காரர் ஒரு பனியன் கம்பெனியில் டிஸ்பேட்ச் பார்த்தார். பெட்டிகளைக் கண்டெய்னரில் ஏற்றி, சீல் வைத்து, தூத்துக்குடிக்கு அனுப்புகிற வேலை. எத்தனையோ கப்பலுக்குச் சரக்கு அனுப்பிய மனுசன் ஒரு தடவைகூடக் கடலைப் பார்த்ததில்லை. நான் கேலி செய்தால், பெட்டி போய்ச் சேர்ந்தால் போதாதா, நான் எதற்கு என்பார். அப்படிப்பட்டவருக்குக் கிட்னி இரண்டும் போய், செவ்வாய், வியாழன், சனி என்று டயாலிசிஸ் கட்டிலில் படுக்க ஆரம்பித்த பிறகுதான் படகில் போகிற ஆசை வந்தது. நல்லா இருந்த காலத்தில் பழனிக்குக் கூப்பிட்டால்கூட ஷிப்மெண்ட் இருக்கிறது என்றவர். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆசையைக் கிளப்பிவிட்டது அவருடன் பேக்கிங்கில் இருந்த தூத்துக்குடிப் பக்கத்து ஆள். உடம்பு விசாரிக்க வந்த இடத்தில் வேறு பேச்சு இல்லாமல் ஊர்ப் பேச்சு பேசினார். தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில் அவருடைய சித்தப்பா மகன் மோட்டார் படகு வைத்திருக்கிறாராம். கடல் தண்ணீர் ஏறும்போது ஆறு மேற்கே பார்த்து ஓடுமாம். முகத்துவாரத்தில் ஏறி உட்கார்ந்தால் தண்ணீரே பாதி தூரம் தள்ளிக்கொண்டு போகும், எஞ்சின் பேருக்குத்தான் என்றார். மேலே போகப் போக உப்புக் குறைந்து, ஓர் இடத்தில் கையால் அள்ளிக் குடிக்கிற மாதிரி நல்ல தண்ணீர் ஆகிவிடுமாம்.

"ஆறு மேல ஏறுமா? சும்மா கதை உடாதீங்க" என்று இவர் சிரித்தார். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஆறு என்றால் நொய்யல் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியை முறுக்குகிற இடம். தண்ணீர் என்றால் அதிகாரி எங்கோ மதகைத் திறந்தால் கீழே வருகிற ஒன்று. யாரும் திறக்காமல் தானாக மேலே ஏறுகிற தண்ணீரை அவரால் நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

இன்னொரு விசயமும் இருந்தது. டாக்டர் அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் சொல்லியிருந்தார். காப்பி, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள்தான். காலையில் நான் பாட்டிலில் ஊற்றி வைப்பேன், அதைப் பார்த்துப் பார்த்துக் குடிப்பார். எந்நேரமும் நாக்கு வறண்டே கிடந்த மனுசனுக்கு அந்த அள்ளிக் குடிக்கிற தண்ணீர் மனசில் ஒட்டிக்கொண்டது. படகில் போகிற அன்றைக்கு மட்டும் காப்பியையும் ரசத்தையும் விட்டுவிட்டு, ஒரு டம்ளர் அளவை மிச்சம் பிடித்து, உப்பு முடிகிற இடத்தில் இரண்டு கையாலும் அள்ளி ஒரு வாய் குடிக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். ஆற்றுத் தண்ணீர் உங்களுக்கு ஆகுமா என்று நான் கத்தினேன். "ஒரு வாயில செத்துப்போயிர மாட்டேன் புள்ள" என்றார்.

திட்டம் போட ஆரம்பித்தார். கம்பெனியில் அவர் வேலை செய்கிற விதம் எல்லோருக்கும் தெரியும். கப்பல் கிளம்புகிற நாளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து வருவார். கப்பல் இன்றைக்கு என்றால் கண்டெய்னர் என்றைக்கு, பேக்கிங் என்றைக்கு, அதே கம்பெனியில் செக்கிங் பார்த்த என் டேபிளுக்குத் துணி என்றைக்கு என்று வரிசையாக வாயிலேயே சொல்லிவிடுவார். படகுக்கும் அதேதான். சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தால் அடுத்தது செவ்வாய். ஆகவே ஞாயிறு. அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் எப்போது ஏறும் என்று படகுக்காரரிடம் போனில் கேட்டார், காலை பத்து மணிக்கு என்று பதில் வந்தது. பத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். பத்துக்குப் படகு என்றால் ஒன்பதுக்குக் கரை, அதற்கு விடியுமுன் கிளம்ப வேண்டும், சனி ராத்திரி என் தம்பி காரோடு வந்து எங்கள் வீட்டில் படுக்க வேண்டும். டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடியே இதை ஒவ்வொரு தடவையும் ஒப்பித்தார். ரத்தம் குழாயில் சுற்றிக்கொண்டிருக்கும், இவர் படகைப் பற்றிப் பேசுவார். பக்கத்துக் கட்டில்காரர் பாவம், காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

அந்தச் சனிக்கிழமை பாதி டயாலிசிஸில் அவருக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. கண் சொருகி, வேர்த்துக் கொட்டி, நர்ஸம்மா ஓடி வந்து காலைத் தூக்கி வைத்தார். கண் முழித்ததும் அவர் சொன்ன முதல் பேச்சு, நாளைக்கு வேண்டாம், அடுத்த ஞாயிறு, அதே நேரம் என்று படகுக்காரருக்குச் சொல்லச் சொல்லு என்பது. தூத்துக்குடிக்காரர் போன் செய்து சொல்லிவிட்டார்.

அதே நேரம். அதில் ஏதாவது கோளாறு இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பல்லடத்துக்குத் தெற்கே என் மாமனார் காட்டுக்கு வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். எங்கள் முறை ஞாயிறு பத்து மணி என்றால் தண்ணீர் வருகிற ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிதான். கொஞ்சம் முன்னால் மடையைத் திறந்தால் பக்கத்துக் காட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்து நிற்பார். நானும் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள்தான், என் தம்பியும் அப்படித்தான். தண்ணீர் வாரத்துக்கு வாரம் நேரம் தவறும் என்று எவனாவது சொல்லியிருந்தால் அவனைத்தான் பைத்தியம் என்றிருப்போம். படகுக்காரரோ, அடுத்த ஞாயிறு என்பதை மட்டும் வாங்கிக்கொண்டார். காலையில் வந்து இளைப்பாறிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் ஏறும்போது போவார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். கடற்கரையில் பிறந்தவருக்கு அதில் சொல்ல என்ன இருக்கிறது?

அடுத்த ஞாயிறு இருட்டோடு கிளம்பினோம். வழியில் காப்பி வேண்டாம் என்றார், இட்லிக்குச் சட்னியைக்கூட ஒதுக்கினார். தூத்துக்குடி தாண்டும்போது எங்கள் முன்னால் கண்டெய்னர் லாரி ஒன்று போனது. சீல் சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் கரையில் இறங்கினோம். கடலைப் பார்த்தார். என்ன சொல்வாரோ என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "அட, சத்தம் இத்தன இருக்கும்னு தெரியாதுங்க" என்று என் தம்பியிடம் சொல்லிவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பினார்.

ஆற்றில் தண்ணீர் இல்லை. நடுவில் ஒரு ஓடை அளவுக்கு ஓடியது. மற்றதெல்லாம் கறுப்புச் சேறு, அதில் கொக்குகள் மேய்ந்தன. படகு சேற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது, எஞ்சின் வெளியே தூக்கிக்கொண்டு நின்றது. படகுக்காரர் நல்ல மனுசர், ஓடி வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பிட்டுப் படுங்கள், மூன்று மணிக்கு மேல் ஏறிவிடும் என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். போன வாரம் பத்து மணிக்கு ஏறியதே என்று நான் கேட்டதற்கு, போன வாரம் போன வாரம்தானே அக்கா, இது தினமும் பிந்திக்கொண்டே போகுமே என்றார்.

இவர் காலம் முழுக்க ஒரு கப்பலைத் தவறவிடாதவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். என்ன பண்றீங்க என்று நான் போட்ட சத்தம் அந்தக் கரைக்கே கேட்டிருக்கும். என் தம்பியும் படகுக்காரரும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க, சாய்ந்து கிடந்த படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வரும்போது நான் இங்கேதான் இருப்பேன் என்றார். திட்டினேன், கெஞ்சினேன். அசையவில்லை. படகுக்காரர் தார்ப்பாயை எடுத்து மேலே கட்டினார், நானும் சேற்றில் நடந்து போய் எதிரே உட்கார்ந்தேன்.

வெயில் ஏறியது. தார்ப்பாய்க்குக் கீழே அடுப்படிச் சூடு. மிச்சம் பிடித்திருந்த டம்ளரை உச்சி வேளைக்கு முன்னாலேயே குடித்துவிட்டார். பிறகு பாட்டில் முழுவதையும் குடித்தார். பிறகு படகில் கிடந்த கேனைத் திறந்து மடக்மடக்கென்று குடித்தார், நான் பிடுங்கியபோது என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. சின்னப் பிள்ளையிடமிருந்து சோற்றைப் பிடுங்கின மாதிரி இருந்தது. அழுதுவிட்டேன். அவர் கால் ஏற்கெனவே வீங்கத் தொடங்கியிருந்தது.

அப்புறம் தண்ணீர் வந்தது. முதலில் சேற்றில் ஒரு நனைப்பு, பிறகு சின்னச் சின்னக் கோடாக, பிறகு நிஜமாகவே மேற்கே பார்த்து. ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கடல் பக்கமிருந்து எங்களைத் தாண்டி உள்ளே போனது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். படகு ஒரு தரம் அசைந்தது. இன்னொரு தரம் அசைந்து நேராக நிமிர்ந்தது. அவர் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே மூச்சு இழுக்க ஆரம்பித்தது. குனிந்தால் மூச்சு வரவில்லை, சாய்ந்தாலும் வரவில்லை. நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். படகுக்காரர் எஞ்சின் கயிற்றைப் பிடித்தபடி எந்தப் பக்கம் என்று என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன் இவரே கரைப் பக்கம் கையைக் காட்டினார்.

தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலமே டயாலிசிஸ் செய்து காப்பாற்றினார்கள். மறுநாள் ஊர் வந்து சேர்ந்தோம். இனிப் படகு என்று பேச்செடுத்தால் நான் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தேன். செவ்வாய்க்கிழமை கட்டிலில் படுத்ததும் படகுக்காரருக்குப் போன் போட்டார். ஏறுகிற நேரம் தினமும் எவ்வளவு தள்ளும், எத்தனை நாளில் பழையபடி வரும் என்று துருவித் துருவிக் கேட்டார். முக்கால் மணி, ஒரு மணி என்று தள்ளித் தள்ளி, இரண்டு வாரத்தில் சுற்றி அதே நேரத்துக்கு வந்துவிடுமாம். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு வாரம் தள்ளுனதுதான் புள்ள தப்பு. ரெண்டு வாரம் தள்ளியிருக்கோணும். இந்த ஞாயிறு பாரு, கரெக்டாப் பத்து மணி."

திட்டலாம் என்றுதான் வாயெடுத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. பார்க்கலாமுங்க என்றேன். அவர் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டு, படகுக்காரரிடம் சொல்லியும்விட்டார். வியாழக்கிழமை டயாலிசிஸ் நல்லபடியாக முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை பல் விளக்கப் போனவர் பாத்ரூம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். அன்றைக்கே எடுத்துவிட்டோம்.

மூன்றாம் நாள் ஞாயிறு. ஆம்பளைகள் சாம்பலை எடுத்துக்கொண்டு கொடுமுடிக்குப் போயிருந்தார்கள். வீடு நிறையப் பொம்பளைகள். அவர் போன் என் மடியில் இருந்தது. பத்து மணிக்கு அடித்தது. பேர் பார்க்காமலே யார் என்று தெரிந்தது. படகுக்காரருக்குச் சேதி சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"அண்ணாச்சி, தண்ணி நல்லா ஏறி நிக்கி. எங்கன வந்துக்கிட்டு இருக்கிய?"

நான் விசயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் எஞ்சின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எங்களுக்காக முன்கூட்டியே கிளப்பி வைத்திருந்தார் போலிருக்கிறது. தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"கொஞ்ச நேரந்தான்க்கா. பொறவு இறங்கிரும்."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் யாரு, யாரு என்று கேட்டார்கள். நான் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, எஞ்சினை நிறுத்திடுங்க தம்பி என்று சொன்னேன்.